பின்னம் கூட்டுவோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதில்கள்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, திருகோணமலை

ரீச்சர், என் மகள் தரம் 7இல் படிக்கிறாள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். பிழை, விடை 5/6 என்று சொன்னால், "மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டினேன், அதில் என்ன பிழை?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— ஒரு தாய், உப்புவெளி

அம்மா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. "அப்படிச் செய்யக்கூடாது, இதுதான் விதி" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதீர்கள். பின்னங்களைப் பெருக்கும்போது மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியாகத்தானே பெருக்குகிறோம்? கூட்டலையும் அப்படியே செய்யலாம் என்று ஒரு பிள்ளை நினைப்பது இயல்பு. அவள் யோசிக்கிறாள் என்பதற்கு அது அடையாளம்.

முதலில் அவள் எழுதிய விடையை அவளையே பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத் தொடங்கும்போது கையில் அரை இருந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். வந்த விடை 2/5. ஐந்தில் இரண்டரை இருந்தால்தான் அரை; ஐந்தில் இரண்டு என்றால் அரைக்கும் குறைவு. சேர்த்த பிறகு எப்படிக் குறைந்தது? இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதிலை அவளே தேடட்டும்.

அப்புறம் சுவரில் இருக்கிற மணிக்கூட்டைக் காட்டுங்கள். அரை மணித்தியாலம் படித்தாள், பிறகு மணித்தியாலத்தில் மூன்றில் ஒரு பங்கு படித்தாள். மொத்தம் எவ்வளவு நேரம்? முப்பது நிமிடமும் இருபது நிமிடமும், ஐம்பது நிமிடம் என்று உடனே சொல்லிவிடுவாள். அவள் எழுதிய 2/5 மணித்தியாலம் இருபத்து நான்கு நிமிடம்தான். 50/60ஐச் சுருக்கினால் 5/6.

அவள் ஏற்கெனவே சரியாகக் கூட்டிவிட்டாள் என்பதைக் கவனியுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அவள் கூட்டவில்லை. இரண்டையும் நிமிடமாக மாற்றினாள், பிறகு நிமிடங்களை எண்ணினாள். கீழே உள்ள பகுதியெண் துண்டின் அளவைச் சொல்கிறது. மேலே உள்ள தொகுதியெண் அப்படிப்பட்ட துண்டுகள் எத்தனை என்று சொல்கிறது. துண்டுகள் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ணிச் சேர்க்கலாம். பகுதியெண்ணைச் சமப்படுத்துகிறோம் என்று வகுப்பில் சொல்வதெல்லாம் இந்த வேலைதான். நிமிடம்வரை போகவும் தேவையில்லை. பத்து நிமிடத் துண்டுகளாக எடுத்தால் அரை மணித்தியாலம் மூன்று துண்டு, மற்றது இரண்டு துண்டு. மணித்தியாலத்தில் பத்து நிமிடத் துண்டு ஆறு இருக்கிறது. ஆகவே 3/6 + 2/6 = 5/6.

அடுத்ததாகக் கட்டம் போட்ட கணிதக் கொப்பியை எடுத்து, ஒரு வரிசையில் பத்துக் கட்டங்களைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். அதில் பாதிக்கு நிறம் தீட்டலாம், ஐந்து கட்டம். மூன்றில் ஒரு பங்கு? கோட்டில் வந்து நிற்காது, கட்டத்தின் நடுவில் வெட்ட வேண்டும். எட்டுக் கட்டம் எடுத்தாலும் அப்படித்தான். ஆறு எடுத்தால் நிற்கும், பன்னிரண்டு எடுத்தால் நிற்கும், பதினெட்டு எடுத்தாலும் நிற்கும். இந்த எண்களை அவளே கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பிறகுதான் "இவற்றில் சிறியதுக்குப் பெயர் பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளில் சிறியது" என்று சொல்ல வேண்டும். கையால் கண்டுபிடிக்கும் முன்பே பெயரைக் கொடுத்தால் பிள்ளை அதை மனனம் செய்யும், விளங்கிக்கொள்ளாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளை இதையும் கேட்பாள். மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டுவது சரியாக வருகிற இடம் ஒன்று உண்டு. வலைப்பந்து விளையாட்டில் முதற்பாதியில் இரண்டு முறை எறிந்து ஒன்று விழுந்தது. இரண்டாம் பாதியில் மூன்று முறை எறிந்து ஒன்று விழுந்தது. மொத்தத்தில் ஐந்து எறிந்து இரண்டு விழுந்தது, 2/5. இது சரிதான். ஆனால் இங்கே முதலாவது பின்னத்துக்கு முழுமை என்பது இரண்டு எறிகள், இரண்டாவதுக்கு முழுமை மூன்று எறிகள், விடைக்கு முழுமை ஐந்து எறிகள். மூன்றும் வேறு வேறு. மணித்தியாலக் கணக்கில் முழுமை மாறவே இல்லை, அதே அறுபது நிமிடம்தான்.

அவளது முறை எண்களின் கூட்டல் ஆகாது என்பதற்குப் பலமான சாட்சி இதோ. 1/2ஐ 2/4 என்றும் எழுதலாம், இரண்டும் ஒரே எண். அவளது முறைப்படி 2/4 + 1/3 = 3/7. முதலில் 2/5, இப்போது 3/7. அதே அரை, அதே மூன்றில் ஒன்று, விடை மட்டும் வேறு. எழுதுகிற விதத்தைப் பொறுத்து விடை மாறினால் அதைக் கூட்டல் என்று எப்படிச் சொல்வது? இதை அவளிடம் காட்டுங்கள், ரசிப்பாள்.

தச்சு வேலை செய்கிறேன். மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து கால் அங்குல போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தடிப்பு 3/4, 5/8, 7/16 அங்குலம். 2 அங்குல போல்ட் காணுமா?
— மூதூர் வாசகர்

காணாது. அளவு நாடாவில் அங்குலம் பதினாறாகப் பிரிந்திருக்கும், அதையே துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்: 12/16 + 10/16 + 7/16 = 29/16, அதாவது 1 13/16 அங்குலம். 2 அங்குல போல்ட்டில் மிஞ்சுவது 3/16. கால் அங்குல போல்ட்டின் நட் 7/32 அங்குலத் தடிப்பு. 3/16 என்றால் 6/32தான். நட் முழுதாக ஏறாது, வொஷருக்கும் இடமில்லை. 2 1/2 அங்குலம் வாங்குங்கள்.

நூல் கணக்கில் பார்த்தாலும் இதேதான். அங்குலத்துக்கு எட்டு நூல். ஆறு நூல், ஐந்து நூல், மூன்றரை நூல், மொத்தம் பதினாலரை நூல். உங்கள் வேலையில் வருகிற பகுதியெண்கள் 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போவதால் இருப்பதில் பெரியதை எடுத்தால் போதும், வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

தம்பலகாமத்தில் எங்களுக்கு மூன்று துண்டு வயல் இருக்கிறது: கால் ஏக்கர், ஐந்தில் ஒரு ஏக்கர், எட்டில் மூன்று ஏக்கர். மருமகன் போனில் தட்டிப் பார்த்து 0.825 என்கிறார். இதைப் பேர்ச்சில் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி, தம்பலகாமம்

மருமகன் சொன்னது சரி. 4, 5, 8 மூன்றும் மிச்சமில்லாமல் வகுக்கிற மிகச் சிறிய எண் 40. ஆகவே 10/40 + 8/40 + 15/40 = 33/40, அதுதான் 0.825.

ஆனால் உங்களுக்கு 40ஐத் தேடவேண்டிய அவசியமே இல்லை. ஏக்கரை முன்னோர் ஏற்கெனவே 160 பேர்ச்சாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கால் ஏக்கர் 40 பேர்ச், ஐந்தில் ஒன்று 32, எட்டில் மூன்று 60. கூட்டினால் 132 பேர்ச். நாற்பது பேர்ச் ஒரு றூட் என்பதால் காணி உறுதியில் எழுதும் முறைப்படி மூன்று றூட் பன்னிரண்டு பேர்ச். மிகச் சிறிய பொதுப் பகுதியெண்தான் வேண்டும் என்று கட்டாயம் கிடையாது என்பதற்கு இது நல்ல உதாரணம். 40உம் சரி, 160உம் சரி. சிறியதை எடுத்தால் எண்கள் சின்னதாக இருக்கும், கடைசியில் சுருக்குகிற வேலை குறையும். அவ்வளவுதான்.

நிலத்தைப் பற்றிக் கேட்டதால் ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். உறுதிகளில் "பிரிக்கப்படாத 1/3 பங்கு" என்று எழுதியிருக்கும். அதே நிலத்தில் இன்னொரு உறுதிப்படி 1/8 பங்கு வந்து சேர்ந்தால் 8/24 + 3/24 = 11/24 என்று கூட்டலாம். ஆனால் ஒரு வயலில் 1/3 பங்கும் வேறொரு வயலில் 1/8 பங்கும் இருந்தால் அவற்றை இப்படிக் கூட்டவே முடியாது. முழுமை வேறு. முதலில் ஒவ்வொன்றையும் பேர்ச்சாக்கி, பிறகு பேர்ச்சைக் கூட்டுங்கள். பங்குச் சண்டைகளில் இந்த ஒரு இடத்தில் குழம்பியவர்கள் எத்தனையோ பேர்.

என் பாட்டனார் மாகாணி, அரைக்கால், முந்திரி என்று வாயாலேயே கணக்குச் சொல்வார். பொ.ம.சி. எல்லாம் இல்லாமல் அவர்கள் எப்படிக் கூட்டினார்கள்?
— மூத்த வாசகர், திருகோணமலை நகர்

ஐயா, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். முந்திரி என்பது 1/320. அதுதான் அவர்களுடைய சிறிய துண்டு. காணி 1/80, அதாவது நான்கு முந்திரி. மா 1/20, பதினாறு முந்திரி. மாகாணி 1/16, இருபது முந்திரி. அரைக்கால் நாற்பது, கால் எண்பது, அரை நூற்றறுபது, முக்கால் இருநூற்று நாற்பது. எல்லாமே முந்திரியில் முழு எண்ணாக வந்துவிடும்.

மாகாணியோடு மாவைக் கூட்டிப் பாருங்கள். இருபதும் பதினாறும் முப்பத்தாறு முந்திரி, அது ஒன்பது காணி. பள்ளிக்கூட முறையில் 1/16 + 1/20 எழுதினால் பொ.ம.சி. 80; 5/80 + 4/80 = 9/80. உங்கள் பாட்டனாரின் காணியும் நாங்கள் கரும்பலகையில் கண்டுபிடிக்கிற 80உம் ஒன்றே. பொதுத் துண்டைத் தேடுகிற வேலையை யாரோ ஒரு தலைமுறை முன்கூட்டியே செய்து வாய்ப்பாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த வாய்ப்பாட்டு ஏடான எண்சுவடியை மனனம் செய்த பிள்ளைக்குக் கூட்டல் மட்டும்தான் மிச்சம்.

ஒரு குறை உண்டு. 320இன் காரணிகளைப் பிரித்தால் ஆறு இரண்டும் ஒரு ஐந்தும்தான். மூன்று அதில் இல்லை. அதனால் மூன்றில் ஒன்றை முந்திரியில் முழுதாகச் சொல்ல முடியாது. 106 முந்திரியும் மிச்சமும் வரும். முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி என்று ஒன்று உண்டு, முந்திரியை மறுபடி 320ஆக வெட்டியது, 1/102400. அங்கே போனாலும் மூன்று வராது. நூற்றறுபது பேர்ச் ஏக்கருக்கும் இதே குறைதான், மூன்றில் ஒரு ஏக்கர் 53 1/3 பேர்ச். பாபிலோனியர் அறுபதை அடிப்படையாக வைத்து எண்ணினார்கள். அதில் இரண்டு, மூன்று, ஐந்து மூன்றும் உண்டு. உப்புவெளிப் பிள்ளைக்கு மணிக்கூடு அவ்வளவு சுலபமாக உதவியதற்குக் காரணம், நிமிடக் கணக்கு அவர்கள் வழியில் வந்தது என்பதுதான். ஆனால் அறுபதிலும் ஏழு இல்லை. எல்லாப் பின்னத்துக்கும் பொருந்துகிற ஒரே துண்டு என்று ஒன்று கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு கணக்குக்கும் பொ.ம.சி.யைப் புதிதாகக் காண்கிற முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

நான் உயர்தர மாணவன். இஸ்லாமிய வாரிசுரிமைப் பாடத்தில் ஒரு கணக்கு: இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகள்மார், தாய், தந்தை. மனைவிக்கு 1/8, மகள்மார் இருவருக்கும் சேர்த்து 2/3, தாய்க்கு 1/6, தந்தைக்கு 1/6. கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறது. எங்கே பிழை விட்டேன்?
— ஒரு மாணவன், கிண்ணியா

தம்பி, நீர் பிழை விடவில்லை. 8, 3, 6 ஆகியவற்றின் பொ.ம.சி. 24. மனைவிக்கு 3/24, மகள்மாருக்கு 16/24, தாய்க்கும் தந்தைக்கும் 4/24 வீதம். மூன்று, பதினாறு, நான்கு, நான்கு, மொத்தம் 27/24. இருப்பது இருபத்து நான்கு பங்கு, கேட்கப்படுவது இருபத்தேழு. கூட்டல் சரியாக இருப்பதால்தான் சிக்கல் வெளியே தெரிகிறது.

யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அதை உம்முடைய மௌலவியிடம் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு மிகப் பழையது. கலீஃபா அலீ அவர்கள் மிம்பரில், அதாவது பள்ளிவாசலின் பிரசங்க மேடையில், நின்றபோது இதே கேள்வி கேட்கப்பட்டதாகவும், "மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது" என்று அவர் அந்த இடத்திலேயே பதில் சொன்னதாகவும் கூறப்படுகிறது. அதனால் இதற்கு மின்பரிய்யா என்று பெயர். எல்லோருடைய பங்கையும் இப்படிக் குறைக்கிற முறையின் பெயர் அவ்ல்.

அந்தப் பதிலுக்குள் இருக்கிற கணக்கைப் பாரும். தொகுதியெண்கள் 3, 16, 4, 4 அப்படியே நிற்கின்றன. பகுதியெண்ணை மட்டும் 24இலிருந்து 27ஆக உயர்த்துகிறோம். மனைவிக்கு 3/27, அது 1/9. மகள்மாருக்கு 16/27, பெற்றோருக்கு 4/27 வீதம். இப்போது கூட்டினால் 27/27, சரியாக ஒன்று. சொத்து 27 இலட்சம் ரூபா என்றால் மனைவிக்கு 3 இலட்சம், மகள்மாருக்கு 8 இலட்சம் வீதம் 16 இலட்சம், தாய்க்கும் தந்தைக்கும் 4 இலட்சம் வீதம். யாருக்கும் அநியாயம் நடந்ததா என்றும் பார்க்கலாம்: 24 இருந்த இடத்தில் 27 வந்ததால் ஒவ்வொருவரின் பங்கும் 24/27 மடங்காக, அதாவது 8/9 மடங்காகக் குறைந்திருக்கிறது. நால்வகையினருக்கும் ஒரே விகிதத்தில் குறைவு. ஒருவருக்கு முழுப் பங்கையும் முதலில் கொடுத்துவிட்டு மிஞ்சியதை மற்றவர்களுக்குப் பிரித்திருந்தால் யாரை முதலில் கூப்பிட்டோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறியிருக்கும்.

இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னக் கூட்டல் பரீட்சைக்கு மட்டும் படிக்கிற விடயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு வீட்டில் மரணம் நடந்த பிறகு, அழுத கண்ணோடு இருக்கிற ஐந்து பேருக்கு நடுவில் சண்டை வராமல் காப்பாற்றுகிற கணக்கு இது. எல்லோருடைய பங்கையும் ஒரே பகுதியெண்ணில் எழுதாமல் இதைச் செய்ய வழியே இல்லை.

கூட்டுத்தொகை ஒன்றுக்குக் குறைவாகவும் வரலாம். மனைவி, ஒரே மகள், தாய் என்றால் 1/8 + 1/2 + 1/6, அதாவது 19/24. மிச்சம் 5/24. அது யாருக்கு என்பதையும் மௌலவிதான் சொல்ல வேண்டும்.

எங்கள் டியூஷனில் குறுக்குப் பெருக்கம் சொல்லித் தந்தார்கள். பொ.ம.சி. தேவையே இல்லை என்கிறார்கள். அது சரியா?
— தரம் 8 மாணவன், உவர்மலை

சரியான விடை வரும், தம்பி. 5/12 + 7/18ஐ அப்படிச் செய்தால் மேலே 5 × 18 + 7 × 12 = 174, கீழே 12 × 18 = 216. 174/216ஐச் சுருக்கினால் 29/36. பகுதியெண்கள் இரண்டையும் பெருக்கினால் வருவது எப்போதும் இரண்டுக்கும் பொதுவான மடங்கு என்பதால் இந்த வழி பிழைக்காது. பொ.ம.சி.யில் செய்தால் 15/36 + 14/36 = 29/36, ஒரே வரி, சுருக்கவும் தேவையில்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே சமணக் கணித அறிஞர் மகாவீராச்சாரியார் பொது மடங்குகளில் சிறியதைக் கொண்டு பின்னம் கூட்டுகிற வழியை எழுதிவைத்தார். பெரிய எண்களைச் சுமக்காமல் இருக்கத்தான் அந்த வழி.

2/3 + 4/5 மாதிரி, பகுதியெண்களுக்கு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இடத்தில் குறுக்குப் பெருக்கம் நல்லது, அங்கே பொ.ம.சி.யும் அதே 15தான். மூன்று பின்னங்கள் வந்தால் குறுக்கே பெருக்குகிற படம் உதவாது. அதற்காகவாவது பொ.ம.சி.யைக் கற்றுக்கொள்ளும். எந்த வழியில் செய்தாலும் பேனையை எடுக்கும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு என்று மனதில் பாரும். 3/7 அரைக்குக் கொஞ்சம் குறைவு, 5/8 அரைக்குக் கொஞ்சம் கூட. கூட்டினால் ஒன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 24/56 + 35/56 = 59/56, வந்துவிட்டது. 8/15 என்று எழுதியிருந்தால் உமக்கே உறுத்தியிருக்கும்.

1/6 + 3/4 + 2/9ஐ, பகுதியெண்கள் மூன்றையும் பெருக்கி ஒரு முறையும் பொ.ம.சி.யில் ஒரு முறையும் செய்து பாரும். ஒன்றில் 216 வரும், மற்றதில் 36. விடை 41/36, கலப்பெண்ணாக 1 5/36.